ஊவா மலைகளில் ஓர் ஆடுகளம்

ஆசியக் கண்டத்தில் காணத்தக்க விளையாட்டரங்குகள் எவை என்று வினவுவோர்க்குப் பெரும்பாலும் எண்களே விடையாகக் கிடைக்கின்றன. அகமதாபாத்தின் மொட்டேராவில் உள்ள துடுப்பாட்ட அரங்கு 132,000 பேரைக் கொள்ளும் என்பர். வடகொரியத் தலைநகரில் 1989ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மே தின அரங்கு அதனோடு போட்டியிட வல்லது. கல்கத்தாவின் சோல்ட் லேக் அரங்கில், 1997 யூலை 13ஆந் திகதி, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய உதைபந்தாட்டத்தைக் காண 131,000க்கும் அதிகமானோர் திரண்டனர். இவ்வெண்கள் வியப்பூட்டுவன, ஆயினும் ஓர் அரங்கின் பெருமையை அதன் இருக்கைகளின் தொகை மட்டும் உணர்த்திவிடுமா என்ற ஐயம் எழாமற் போகாது. எத்தனை பேர் அமரலாம் என்பதைக் காட்டிலும், யார் உள்ளே நுழையலாம், நுழைந்தவருள் யார் ஆடலாம் என்பதே ஆழமான வினாவாகும். அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற இடம், பேரரங்கு எதுவுமில்லாத ஊவா மாகாணத்துத் தோட்டப்புறமே எனின், அது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

அரங்கு என்ற சொல் தமிழில் ஆடலுக்கும் ஆட்டத்துக்கும் பொதுவானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவிட்டுக் கூறுகின்றது. கலித்தொகையின் முல்லைக்கலியோ ஏறு தழுவும் தொழுவையும், அதனைப் பரண் மீதிருந்து நோக்கிய ஆயர் மகளிரையும் காட்டுகின்றது. முன்னையது அளந்து அமைக்கப்பட்ட மேடை. பின்னையது மக்கள் சூழ்ந்து நின்றமையாலே அரங்கான வெளி. இவ்விருவகை அரங்குகளும் ஊவாவில் உள்ளன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ளன. அத்தொலைவை வெறும் கட்டைக் கணக்கில் அளந்துவிட முடியாது.

ஊவாவின் நில அமைப்பை முதலில் நோக்குதல் தகும். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதன் கிழக்கே நமுனுகுலை மலை 2,000 மீட்டரையும் கடந்து நிற்கின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என எத்திசை நோக்கினும் சரிவே கண்ணிற்படும். உதைபந்தாட்டத்துக்குரிய முழு அளவு ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. இருபது பாகைச் சரிவுள்ள மலையில் அத்தகைய களமொன்றை அமைக்க முற்பட்டால், அதன் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டர் உயர வேறுபாடு காணப்படும். ஒருபுறம் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மலையைக் குடைந்து, மறுபுறம் அதேயளவு மண்ணிட்டு நிரப்பினால் மாத்திரமே பந்து நேராக உருளும். அந்நிலப்பரப்பு ஒன்றே முக்கால் ஏக்கர். நான்கு அடிக்கு இரண்டடி இடைவெளியில் தேயிலை நட்டால், அவ்விடத்தில் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான செடிகள் நிற்கும். ஆகவே தோட்டத்தில் ஓர் ஆடுகளம் என்பது ஒன்பதாயிரம் தேயிலைச் செடிகளை விட்டுக்கொடுப்பதாகும். தோட்ட நிருவாகத்தின் கணக்கேட்டில் இவ்விட்டுக்கொடுப்புக்கு இடமில்லாதிருந்தமை வியப்பன்று.

சமநிலம் அரிதாகிய இடத்தில், அது எவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதே அச்சமுதாயத்தின் வரலாற்றைச் சொல்லிவிடும். தேயிலைத் தொழிற்சாலைக்குச் சமநிலம் தேவைப்பட்டது. துரையின் பங்களாவும் அதைச் சூழ்ந்த புற்றரையும் சமநிலத்தைப் பெற்றன. விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் பதிந்து வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களமும் சமநிலத்திலேயே அமைந்தது. திம்புளை, டிக்கோயா, ஊவா ஆகிய பகுதிகளில் துரைமார் தமக்கெனக் கழகங்களை நிறுவி, துடுப்பாட்டமும் றக்பியும் ரென்னிசும் ஆடினர். அம்மைதானங்களின் காட்சியழகை மறுத்தற்கில்லை. பனி விலகும் வேளையில் அவற்றைக் காண்போர் இங்கிலாந்தின் கிராமமொன்றை மலைமீது பெயர்த்து வைத்தனரோ என மயங்குவர். ஆனால் அப்புல்லை வெட்டியவரும் உருளையை இழுத்தவரும் அதன்மேல் ஆடியவர் அல்லர். தொழிலாளியின் பிள்ளை அம்மைதானத்தை வேலிக்கு அப்பாலிருந்தே அறிந்தான்.

இந்த முரண்பாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் தியத்தலாவை ஆகும். தென்னாபிரிக்கப் போரிலே பிரித்தானியரிடம் சிறைப்பட்ட போவர்கள் 1900ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு கொண்டுவரப்பட்டு முகாமில் வைக்கப்பட்டனர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட கைதிகளின் தொகை ஐயாயிரம் அளவினது. முகாமில் அவர்கள் விளையாட்டுகளில் ஈடுபட அனுமதிக்கப்பட்டது. 1901இல் அவர்களுடைய துடுப்பாட்ட அணி கொழும்புக்குச் சென்று கோல்ற்ஸ் கழகத்தை எதிர்த்து ஆடிற்று. போர்க்கைதி புகையிரதமேறித் தலைநகருக்குச் சென்று, ஆடி, மீண்டான். அதே ஆண்டுகளில், அதே மலைகளில், குற்றம் எதுவுமிழைக்காத தோட்டத் தொழிலாளி தான் பட்ட கடனைக் குறிக்கும் துண்டு இன்றி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற இயலாதவனாக இருந்தான். அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. கைதிக்கு மட்டையும் பந்தும் கிடைத்தமை தவறன்று. கைதியல்லாதவனுக்கு அவை கிடையாமையே எண்ணிப் பார்த்தற்குரியது.

தியத்தலாவை பின்னர் படையினரின் பயிற்சி நிலையமாகிற்று. அங்குள்ள பொக்ஸ் ஹில் ஓட்டப்பாதையில் நடைபெறும் மோட்டார் பந்தயம் தூர இடங்களிலிருந்தும் மக்களை ஈர்த்தது. 2024 ஏப்பிரல் 21ஆந் திகதி அப்பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்திலுள்ள கஞ்சுருகான் அரங்கில் 2022 ஒக்டோபர் முதலாந் திகதி உதைபந்தாட்டத்தைக் காணச் சென்ற 135 பேர், கண்ணீர்ப் புகையாலும் நெரிசலாலும் உயிர் துறந்தமை இங்கு நினைவுக்கு வரும். அரங்குக்கு வந்தவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதே அரங்கமைப்பின் முதற் கடமை. கூரையும் ஒளிவிளக்கும் அதற்குப் பின்னர் வருவன.

புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டு பதுளையை அடைந்தது. மலைநாட்டு இருப்புப்பாதையின் முடிவிடமான அந்நகரில் இன்று வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு உள்ளது. ஆசியாவின் பேரரங்குகளோடு ஒப்பிடத்தக்க அளவினதன்று அது. எனினும் சூழ மலைகள் நிற்க, நடுவே விரிந்த அச்சமவெளி, சரிவிலேயே பிறந்து வளர்ந்த தோட்டத்துச் சிறுவனுக்குக் கடலை முதன்முறை காண்பதற்கு ஒப்பான உணர்வை அளிக்கக்கூடியது. தன் தோட்டத்தில் பந்தை மேட்டுப்பக்கமாக உதைக்கும்போது ஒரு பலமும் பள்ளப்பக்கமாக உதைக்கும்போது இன்னொரு பலமும் இட்டுப் பழகிய கால், அங்கே எத்திசையிலும் ஒரே பலத்தை இடக் கற்றுக்கொள்ள வேண்டும். நகர்ப்புறப் பாடசாலை மாணவன் இதனை ஒருபோதும் கற்க வேண்டியதில்லை. போட்டி தொடங்குமுன்னரே ஒருவன் ஆட்டத்தையும் மற்றவன் நிலத்தையும் எதிர்கொள்கிறான் எனலாம்.

இனித் தோட்டத்து ஆடுகளத்தைக் காண்போம். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. லயங்களுக்குக் கீழேயோ, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அருகிலேயோ, மாரியம்மன் கோயிலுக்கு முன்னாலேயோ, தேயிலை ஏறாத ஒரு துண்டு நிலம் கிடக்கும். மாசி மாதத்தில் அங்கே காமன் கூத்து நிகழுமாயின் அது காமன் பொட்டல் எனப்படும். தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் அங்கேயே கயிறிழுத்தலும் வழுக்குமரம் ஏறுதலும் நடைபெறும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே கரப்பந்தாட்டக் களம். மூங்கிற் கழிகள் நட்டால் உதைபந்தாட்டக் களம். மூன்று குச்சிகள் ஊன்றினால் மென்பந்துத் துடுப்பாட்டக் களம். தப்பு முழங்கும் இடத்திலேயே பந்தும் உருளும். கூத்துக்கும் ஆட்டத்துக்கும் பொதுவாக நின்ற அரங்கு என்ற பழஞ்சொல், பல்கலைக்கழக நூலகத்தில் அல்லாது, இப்பொட்டலிலேயே இன்னும் தன் முழுப்பொருளோடு வாழ்கின்றது.

அக்களத்துக்கு அதற்கே உரிய சட்டங்களும் உண்டு. பள்ளப் பக்கமாகப் பந்தை உயர்த்தி அடித்தால், நகரில் அதற்கு ஆறு ஓட்டங்கள். இங்கே அடித்தவன் ஆட்டமிழந்தான் என்பது தீர்ப்பு. ஏனெனில் அப்பந்து மூன்று வரிசைத் தேயிலையைத் தாண்டி ஓடையில் விழுந்துவிட்டால், அன்றைய ஆட்டம் அத்துடன் முடிவுறும். பந்து ஒன்றுதான், அதுவும் பலர் சேர்த்த காசில் வாங்கியது. கவ்வாத்து வெட்டிய மலைக்குள் பந்தெடுக்கப் போனவன் காலிற் கீறலோடுதான் திரும்புவான். யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தை அளிப்பது. அதே காற்று பந்தின் பாதையையும் வளைத்துவிடும். ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் களம் சேறாகி, ஆட்டம் ஓயும். வறுமையை அழகுபடுத்திக் காட்டுதல் இங்கு நோக்கமன்று. நிலம் மறுக்கப்பட்ட மக்கள், மறுக்கப்பட்ட நிலத்துக்கேற்ப ஆட்டத்தையே திருத்தி அமைத்துக்கொண்டனர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

வெறுங்காலோடு ஆடியவர் அரங்கை வென்ற கதை ஆசியாவில் இல்லாமலில்லை. 1911 யூலை 29ஆந் திகதி கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், பெரும்பாலும் வெறுங்காலினராய், சப்பாத்தணிந்த கிழக்கு யோர்க்சயர் படையணியினரை 2-1 என்ற கணக்கில் வென்று இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தைக் கைப்பற்றினர். அவ்வெற்றியை அந்நாட்டு மக்கள் ஆட்டத்தின் வெற்றியாக மட்டும் கருதவில்லை. கல்கத்தாவுக்குச் செல்லும் மாணவன் சோல்ட் லேக்கின் பேரளவைக் கண்டு வியப்பதோடு நில்லாது, 1911ஆம் ஆண்டின் ஆட்டம் நிகழ்ந்த அந்நகரின் மைதானப் புல்வெளியிலும் சற்று நேரம் நடந்து வருதல் நன்று.

அதனினும் நெருங்கிய ஒப்புமை கோலாலம்பூரிலுள்ள மெர்டேக்கா அரங்கு ஆகும். 1957 ஓகஸ்ட் 31ஆந் திகதி மலாயாவின் சுதந்திரம் அங்குதான் பிரகடனஞ் செய்யப்பட்டது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு மக்களைத் திரட்டிய அதே கங்காணிமுறை, அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் மக்களை அனுப்பிற்று. அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. சுதந்திரத்தின் பின் அங்கே தமிழருட் பலர் குடிமக்களாயினர்; தடைகள் இருந்தன, எனினும் வாயில் முற்றாக அடைபடவில்லை. 1970களிலும் 1980களிலும் மலேசியத் தேசிய உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளராக நின்று, நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ எனப் பெயர் பெற்ற ஆறுமுகம் ஒரு தமிழர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது மலேசிய அணி. பகிஷ்கரிப்பினால் அது அங்கு செல்லவில்லை. ஆயினும் நாடு முழுவதும் தன் பெயரைச் சொல்லிக் கூவுவதைக் கேட்கும் பேறு ஒரு தமிழனுக்கு அவ்வரங்கில் வாய்த்தது.

இலங்கையில் நிகழ்ந்தது வேறு. 1948ஆம் ஆண்டு இந்நாட்டு விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கப்பட்ட ஆண்டு. லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீட்டர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் பெற்று, சுதந்திரம் பெற்று ஓராண்டும் நிரம்பாத நாட்டின் பெயரை வெம்பிளி அரங்கில் ஒலிக்கச் செய்தார். அதே ஆண்டு நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றவனுக்கு எந்நாட்டின் சீருடை? எக்கொடியின் கீழ் அவன் ஓடுவான்? 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே லயத்தில் வளர்ந்து ஒரே பொட்டலில் ஆடிய இளைஞருட் சிலர் புகையிரதத்தில் தலைமன்னார் சென்று கப்பலேற, எஞ்சியோர் ஆட்டத்துக்கு ஆள் போதாது நின்றனர். ஆட்டக்காரர் காயமுற்றதால் அணி குலைவது எங்கும் உண்டு. உடன்படிக்கையால் அணி குலைந்தது இம்மலைகளிலே. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெருமளவு தீர்ந்தது. டங்கன் வைற் பதக்கம் பெற்ற ஆண்டிலிருந்து அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஓர் ஆட்டக்காரனின் இளமை பதினைந்து ஆண்டுகளே நீடிப்பதெனின், மூன்று தலைமுறை ஆட்டக்காரர் அதற்குள் களம் காணாமலே முதுமையெய்தினர்.

இதற்கு மறுப்பாக முத்தையா முரளிதரனைச் சுட்டுவோர் உண்டு. அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர் என்பதும், பேரன் 2010 யூலை 22ஆந் திகதி காலி அரங்கில் தன் எண்ணூறாவது டெஸ்ட் இலக்கை வீழ்த்தினார் என்பதும் உண்மையே. ஒல்லாந்தர் கோட்டையின் நிழலில், 2004இன் ஆழிப்பேரலையால் அழிந்து மூன்றாண்டுகளின் பின் மீண்டெழுந்த அவ்வரங்கு, ஆசியாவில் எவரும் காணத்தக்கது. ஆனால் முரளிதரன் வளர்ந்தது கண்டி நகரில். பயின்றது நல்ல மைதானமுடைய கண்டிக் கல்லூரியொன்றில். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துக்கே அவ்வழி திறந்தது. பொட்டலிலிருந்து நேரே காலிக்குச் செல்லும் வழியொன்று உண்டா என்பதே எழும் வினா. யாழ்ப்பாணத்தின் துரையப்பா அரங்கு போரினாற் சிதைந்து, 2016 யூனில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. இழந்த அரங்கை மீட்டல் அங்கு பணி. இல்லாத அரங்கை உண்டாக்கல் இங்கு பணி.

பெண்களைப் பற்றிய சிந்தனையின்றி இவ்வாராய்ச்சி நிறைவுறாது. தெஹ்ரானின் ஆசாதி அரங்கு 1971இல் திறக்கப்பட்டது. பெயரின் பொருள் விடுதலை. ஆயினும் பல்லாண்டுகளாக ஆடவர் ஆடும் உதைபந்தாட்டத்தைக் காண அந்நாட்டுப் பெண்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. 2019 ஒக்டோபர் 10ஆந் திகதி கம்போடியாவுக்கெதிரான ஆட்டத்துக்கே அவர்கள் சீட்டு வாங்கி நுழைந்தனர். இதைக் கேட்டு வியக்கும் ஊவா வாசகர் தம் தோட்டத்துப் பொட்டலையும் ஒருமுறை நோக்குவாராக. அங்கே தடைச்சட்டம் எதுவுமில்லை. ஆனால் ஆறு நாளும் கூடை சுமந்து கொழுந்து பறித்தவளுக்கு ஞாயிறன்று விறகும் துணியும் காத்திருக்கின்றன. ஆண்கள் ஆடுகின்றனர், அவளோ தண்ணீர்க் குடத்தோடு களத்தின் ஓரமாகக் கடந்து செல்கிறாள். முல்லைக்கலியின் ஆயமகளுக்குக் கிட்டிய பரணேனும் இவளுக்குக் கிட்டவில்லை. சட்டத்தால் அடைத்த கதவை ஒரு நாளிற் திறக்கலாம். வேலைச்சுமையால் அடைத்த கதவைத் திறக்க நாள் செல்லும்.

இன்று செய்யத்தக்கது யாது? தோட்ட நிலங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் முகாமைக்கு வந்தன. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கும் லயத்தின் முன்னுள்ள நிலம் உரியதன்று. ஆகவே பொட்டல் என்பது எந்த உறுதியிலும் ஆடுகளமாக எழுதப்படாத நிலம். நாளை அங்கே ஒரு கட்டடம் எழுந்தால் கேட்பாரில்லை. அதே வேளை, கண்ட இடத்தில் மலையைக் குடைந்து களம் அமைப்பதும் அறிவுடைமையாகாது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை மூடிய துயரம் எவர்க்கும் மறக்கற்பாலதன்று. சரிவில் வெட்டிய மண்ணுக்குத் தாங்குசுவரும் வடிகாலும் வேண்டும். நிலவியல் ஆய்வு வேண்டும். இமயத்தின் அடிவாரத்துத் தர்மசாலாவில், பதுளையினும் இருமடங்கு உயரத்தில், டெஸ்ட் ஆட்டம் நடைபெறும் அரங்கை அமைத்துள்ளனர். மலை என்பது தடையன்று, செலவே என்பதை அது காட்டும். 2005 தொடக்கம் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் இயங்குகின்றது. பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு களத்தை அளந்து, ஆராய்ந்து, வரைந்து, அதனை உறுதியில் ஆடுகளம் என எழுதுவித்தல் கற்றோரால் இயலாத காரியமன்று.

ஆசியாவின் அரங்குகளைக் காணப் புறப்படும் மாணவர் கல்கத்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் தெஹ்ரானுக்கும் செல்வாராக. அவ்வரங்குகளின் சிறப்பு, ஒரு காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர் ஒருநாள் உள்ளே வந்தமையாற் பிறந்தது என்பதை அங்கே உணர்வர். அதன்பின் பதுளைப் புகையிரதத்தில் ஏறி, ஏதேனுமொரு ஞாயிற்றுக்கிழமை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பொட்டலுக்கும் வருவாராக. பள்ளப் பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்பான். அவன் ஆட்டத்தில் சேர்க்கப்படாதவன் அல்லன். பந்து கீழே உருண்டுவிடாமல் தடுப்பதே அணி அவனுக்கு அளித்த பணி. சமநிலத்தில் அப்படியொரு பணியே இல்லை. அவன் முகத்தை மலைப்பக்கம் திருப்பி ஆடவிடும் அரங்கு ஊவாவில் எழும் நாளில், அதன் கொள்ளளவு எத்தனை என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.